புளித்ததெல்லாம் கசிப்பல்ல

நெடுங்கேணியில் ஊர்க்கூட்டம் எதுவானாலும், பேச்சு எங்கே தொடங்கினாலும், கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான்: குடியை ஒழிக்க வேண்டும். கமக்கார அமைப்பின் கூட்டமாக இருக்கலாம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமாக இருக்கலாம், கோயில் நிர்வாக சபையாகவும் இருக்கலாம். எழுந்து பேசுகிறவர் கள், கோடா, கசிப்பு மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வார். சபை தலையாட்டும். பொலிசுக்கும் மதுவரித் திணைக்களத்துக்கும் மனு எழுதப்படும். சில கிழமைகளில் ஒரு சுற்றிவளைப்பு நடக்கும். காட்டுக்குள் புதைத்துவைத்த பீப்பாக்கள் கிளப்பப்படும். மில்லி லீற்றர் கணக்கில் பத்திரிகைச் செய்தி வரும். அடுத்த கூட்டத்திலும் அதே பேச்சு, அதே மனு.

இந்த ஒழிப்புப் பேச்சின் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. வீட்டில், தோட்டத்தில், மரத்தில் புளிக்கிற எதுவும் கசிப்போடு சேர்த்தி. ஒன்றை விட்டால் மற்றது வந்துவிடும். ஆகவே எல்லாவற்றையும் சேர்த்தே அடிக்க வேண்டும் என்ற நம்பிக்கை. அதைப் பிழை என்கிறேன். அந்தப் பிழைதான் வன்னியில் கசிப்பை இத்தனை காலம் வாழவைத்திருக்கிறது என்றும் சொல்கிறேன். சொல்வதற்கு முன் ஒன்றை வெளிப்படையாக வைத்துவிடுகிறேன்: குடி நல்லது என்று வாதாட நான் வரவில்லை. கசிப்பால் புருஷனையும் பிள்ளையையும் இழந்த பெண்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறார்கள். கூட்டத்தில் எழுந்து பேசுகிறவர்களில் அவர்களும் உண்டு. அவர்களுடைய கோபம் நியாயமானது. அந்தக் கோபத்துக்குக் கொடுக்கப்படுகிற விடைதான் பிழையானது.

முதலில் பீப்பாவுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கோடா என்பது சீனி, தண்ணீர், ஈஸ்ற். மூன்றாவதையும் முதலாவதையும் நெடுங்கேணிச் சந்தியில் எந்தப் பலசரக்குக் கடையிலும் வாங்கலாம். வெதுப்பகத்தில் பாண் மாவைப் பொங்கவைக்கிற அதே ஈஸ்ற்தான். இரவில் கரைத்துவைத்த அப்ப மாவைக் காலையில் சட்டி விளிம்பு வரை ஏற்றிவைப்பதும் அதே நுண்ணுயிர்தான். எங்கள் அம்மம்மாமார் அப்பத்துக்கு ஈஸ்ற் வாங்கியதில்லை. ஒரு சிரட்டை கள் விட்டுப் புளிக்கவைத்தார்கள். சீனியைத் தின்று மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டு வாயுவையும் வெளியே விடுவது ஈஸ்ற்றின் வேலை. அப்பத்தில் வாயு மாவை உப்பவைக்கிறது, மதுசாரம் தாச்சிச் சூட்டில் ஆவியாகிவிடுகிறது. பானையில் வாயு போய்விடுகிறது, மதுசாரம் நின்றுவிடுகிறது.

எவ்வளவு நிற்கிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரு லீற்றரில் ஏறத்தாழ 17 கிராம் சீனி முழுதாகப் புளித்தால் 1 வீத மதுசாரம் வரும். பத்து லீற்றர் தண்ணீரில் ஒரு கிலோ சீனி போட்டால் 6 வீதத்துக்குக் கிட்ட வரும். கடையில் விற்கிற சாதாரண பியர் 5 வீதம் அளவில் இருக்கும், ஸ்ரோங் பியர் 8 வீதத்தையும் தாண்டும். அன்று இறக்கிய பனங்கள் நாலைந்து வீதம். அதாவது சீனியை அளந்து போட்டால் பானையில் இருப்பது பியரின் அளவு மதுசாரம் கொண்ட ஒரு பானம். ஈஸ்ற்றை எவ்வளவு வற்புறுத்தினாலும் பதினைந்து வீதம் அளவில் தன் மதுசாரத்தில் தானே மயங்கி நின்றுவிடும். இயற்கையே போட்ட வரம்பு அது. நெருப்பு இல்லாமல் அந்த வரம்பை அதிகம் தாண்டுவது கடினம்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்து மதுக்கடைகள் பூட்டப்பட்டபோது, இலங்கை முழுவதும் வீடுகளில் இந்த வேலை நடந்தது. அன்னாசித் தோல், இஞ்சி, சீனி, ஈஸ்ற். தென்னாபிரிக்காவில் அதே மாதம் மது விற்பனைக்கு முழுத்தடை வந்தவுடன் சந்தையில் அன்னாசிப்பழம் அள்ளிக்கொண்டு போகப்பட்டது. அன்னாசி பியர் அங்கே பழைய வீட்டுப் பானம். நம்மூரில் அந்தப் பானையை எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: துணியால் வாய் கட்டிய மண்பானையில் மூன்றாம் நாள் பழுப்பு நுரை திரண்டு எழும், அன்னாசித் தோல்கள் விளிம்பில் ஒட்டிக்கிடக்கும், காதை வைத்தால் உள்ளே மெல்லிய பொரிச் சத்தம் கேட்கும், பாணும் பழமும் சேர்ந்த மணம் வரும். ஐந்தாறு நாளில் நுரை அடங்கி, வண்டல் அடியில் படிந்து, மேல்நீர் தெளியத் தொடங்கும். அவசரப்பட்டு அதைப் பிளாஸ்ரிக் சோடாப் போத்தலில் ஊற்றி இறுக்கி மூடினால் போத்தல் வெடிக்கும். வீட்டுப் பானையில் நேரே வந்து அடிக்கிற ஆபத்து அதுதான்.

கசிப்பு அங்கே தொடங்குவதில்லை. புளித்ததை அடுப்பில் ஏற்றி, ஆவியைக் குழாயில் பிடித்து, குளத்துத் தண்ணீரால் குளிரவைத்து இறக்குகிறபோதுதான் கசிப்பு பிறக்கிறது. அதனால்தான் கசிப்புக் கொட்டில்கள் எப்போதும் நீர் ஓடுகிற அருவிக்கரையிலோ கைவிட்ட குளத்தின் ஓரத்திலோ இருக்கின்றன. பானைப் பானத்துக்குக் குளம் வேண்டாம், காடு வேண்டாம், இரவு வேண்டாம்.

"வீட்டில் செய்தால் கண் போய்விடும், உயிர் போய்விடும்" என்பார்கள். படித்தவர்களும் சொல்கிறார்கள். கண்ணைப் பறிப்பது மெதனோல். சீனி புளித்தால் பொருட்படுத்தத்தக்க அளவில் மெதனோல் வராது. பழத்தோலில் உள்ள பெக்ரினிலிருந்து சிறிதளவு வரும். கடை வைனிலும் அது இருக்கிறது. கும்பல் கும்பலாக மனிதர் செத்த இடங்களை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும் 20 பேருக்கு மேல் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் செத்தார்கள். இரண்டு இடத்திலும் கொன்றது தொழிற்சாலைத் தேவைக்கு உள்ள மெதனோல். சாராயம் என்று சொல்லி அதைக் கலந்து விற்றார்கள். எந்தப் பானையிலும் அது புளித்து உண்டாகவில்லை. வியாபாரியின் கையால் வந்து விழுந்தது.

கசிப்பில் ஆபத்து இல்லையா? நிறைய உண்டு. வாகன ரேடியேற்றரைக் குளிர்விப்பானாகப் பயன்படுத்துகிற இடத்தில் ஈயம் இறங்குகிறது. கோடாவுக்குச் சத்து என்று யூரியா போடுகிற இடத்தில், யூரியாவும் மதுசாரமும் சூட்டில் சேர்ந்து புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எதைல் காபமேற்று உருவாகிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக அதன் வீரியம். நாள் முழுக்க மரவள்ளித் தோட்டத்தில் கொத்திவிட்டு வெறும் வயிற்றோடு வருகிறவன் ஒரே மூச்சில் விழுங்குவது, ஒரு போத்தல் கள்ளை ஆற அமர இருந்து குடித்தால் உள்ளே போகிற மதுசாரத்தின் அளவு. ஈரல் கெடுவது அங்கே. வீட்டில் அடி விழுவது அங்கே. இவ்வளவு ஆபத்தான ஒன்றையும், அப்ப மாவுக்கு விடுகிற ஒன்றையும் ஒரே பெயரால் அழைத்து ஒரே தண்டனையால் மிரட்டினால், குடிக்கிறவன் எதைத் தெரிந்தெடுப்பான்?

அதற்கும் கணக்கு உண்டு. இருநூறு லீற்றர் பீப்பாவில் 8 வீதம் புளித்த கோடா இருக்கிறது என்று வையுங்கள். அதிலுள்ள மதுசாரம் 16 லீற்றர். 40 வீதமாக வடித்தால் எல்லாம் 40 லீற்றருக்குள் அடங்கிவிடும். இருநூறு லீற்றரை ஒலுமடுக் கிராமத்திலிருந்து நெடுங்கேணிச் சந்திக்கு யாரும் மறைத்துக் கொண்டுவர முடியாது. நாற்பது லீற்றரை இரண்டு கானில் ஊற்றி மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டினால் சாக்கொன்று போர்த்தியதும் யூரியா மூட்டையாகிவிடும். பிடிபட்டால் தண்டம் இரண்டுக்கும் விழும் என்றாகிவிட்ட பிறகு, செறிவானதைக் கொண்டுபோவதுதான் வியாபாரிக்கு இலாபம். தடை எப்போதும் வீரியமான சரக்கின் பக்கமே தள்ளும். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நடந்த மதுவிலக்குக் காலத்தில் பியர் பின்தள்ளப்பட்டு வடித்த சாராயம் முன்னுக்கு வந்தது இதே காரணத்தால்தான். நெடுங்கேணியில் சுற்றிவளைப்பு கூடக் கூடக் கள் குறைந்து கசிப்புக் குறையாமல் நிற்பதற்கும் அதுதான் காரணம். பனை மரத்தைக் காட்டுக்குள் புதைக்க முடியாது. சீவுகிறவன் நாற்பதடி உயரத்தில் ஊருக்கே தெரிய நிற்கிறான். பிடிக்க வருகிறவர்களுக்கு அவன்தான் சுலபம்.

"போர்க்காலத்தில் ஒழிந்திருந்ததே" என்ற வாதம் வன்னிக்கே உரியது. வயதில் மூத்தவர்கள் அதைச் சொல்லும்போது எதிர்த்துப் பேச யாருக்கும் நாக்கு எழுவதில்லை. எழ வேண்டும். அந்தக் காலத்தில் கசிப்புக்குக் கடும் தண்டனை இருந்தது உண்மை. கள்ளுத் தவறணை இருந்ததும் உண்மை. கசிப்பை ஒடுக்கியவர்கள் கள்ளை அதனோடு சேர்த்து ஒடுக்கவில்லை. இரண்டும் வேறு என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது. பொருளாதாரத் தடையால் சீனி கிடைக்காத வருடங்களும் அந்தக் காலத்துக்குள் அடக்கம். சீனி இல்லாத ஊரில் கோடா எப்படி வரும்? அன்றைய ஒழுங்கை ஆயுதமும் அச்சமும் காத்தன. அந்த அச்சத்தைத் திருப்பிக் கொண்டுவா என்று இன்று யார் கேட்பார்கள்? கேட்கமாட்டார்கள் என்றால், அந்த உதாரணத்தையும் விட்டுவிட வேண்டும்.

சீனியைப் பற்றி இன்னும் ஒன்று. 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனிக்கான விசேட வர்த்தகப் பண்ட வரியை அரசு கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாக இறக்கியது. 2023 நவம்பரில் திரும்பவும் 50 ரூபாவாக ஏற்றியது. அந்த இடைக்காலத்தில், 2023 ஜனவரியில், மதுவரியை 20 வீதத்தால் கூட்டியது. அப்போது கோடாவின் மூலப்பொருளுக்கு வரி இல்லை என்றே சொல்லலாம், அனுமதிபெற்ற போத்தலுக்கு வரி கூடிக்கொண்டே போனது. வருமானம் இடிந்துபோயிருந்த அந்த நாட்களில் கூலிக்காரன் சட்டப்படியான கால் போத்தலை வாங்க முடியாமல் எங்கே போனான் என்று கேட்கத் தேவையில்லை. கசிப்பை ஒழுக்கக்கேடு என்று பேசுகிற கூட்டத்தில் இந்த வரிக்கதையை ஒருவரும் எடுப்பதில்லை. கொழும்பில் போடுகிற ஒரு கையெழுத்து மருதோடைக் கிராமத்தில் அடுப்பை மூட்டுகிறது.

சட்டத்தின் பிறப்பையும் மறக்கக் கூடாது. இன்று சீவல் தொழிலாளியையும் கோடாக்காரனையும் ஒரே நீதிமன்றத்துக்கு இழுக்கிற மதுவரிக் கட்டளைச் சட்டம் 1912இல் வெள்ளைக்காரன் ஆக்கியது. மக்களின் ஈரலைக் காக்க அவன் அதை ஆக்கவில்லை. திறைசேரிக்கு வருமானம் வேண்டியிருந்தது. சாராயத் தவறணையையும் கள்ளுத் தவறணையையும் பிரித்து, ஊர்தோறும் புதிய தவறணைகளுக்கு வழிவிட்டான். அதை எதிர்த்துத்தான் அன்றைய மதுவிலக்கு இயக்கமே கிளர்ந்தது. அனுமதி வாங்காமல் புளிக்கவைப்பது குற்றமானது அது தீங்கு என்பதற்காக அல்ல, வரி கட்டாதது என்பதற்காக. சுங்கம், உள்நாட்டு இறைவரி, மதுவரி என்ற மூன்றின் மேல் இன்றும் திறைசேரி உட்கார்ந்திருக்கிறது. 2024இல் கொடுக்கப்பட்ட மதுபானசாலை அனுமதிகள் பெரும் சர்ச்சையாகி, அவற்றின் பட்டியல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டபோது, அதில் கிளிநொச்சியும் இடம்பெற்றிருந்ததை வன்னி வாசித்தது. ஒரு கையால் மதுபானசாலை திறந்துவிட்டு மறுகையால் பனையைத் தடுக்கிற சட்டத்துக்கு ஒழுக்கத்தின் மரியாதையை நாம் ஏன் கொடுக்க வேண்டும்?

"இதெல்லாம் எங்கள் பண்பாட்டில் இல்லாதது, பியர் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது" என்று மேடையில் முழங்குகிறவர்கள் பெரும்பாணாற்றுப்படையை எடுத்துப் பார்க்கட்டும். வீட்டில் ஆக்கிய அரிசிக் கள்ளைக் குடித்தவர்களை அது பேசுகிறது. இன்னோரிடத்தில் செய்முறையையே சொல்கிறது: குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சுகிறார்கள், ஆறவைக்கிறார்கள், நெல்முளையில் செய்த அடையைப் பொடித்துக் கலக்கிறார்கள், இரண்டு பகலும் இரண்டு இரவும் போகவிட்டு, வாய் கெட்டியான சாடியில் விளையவைத்து, பிழிந்து எடுக்கிறார்கள். முளைகட்டிய தானியத்தின் நொதியம் மாப்பொருளைச் சீனியாக்குகிறது, அந்தச் சீனி புளிக்கிறது. ஐரோப்பாவில் பார்லியை முளைகட்டி பியர் செய்வதும் இதே வேலை. பெயர் வேறு, தானியம் வேறு. வயலும் குளமுமாக வாழ்கிற வன்னி மண்ணில் இதை அந்நியம் என்று சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை. நமக்கு அந்நியமாக வந்தது வெள்ளைக்காரன் போட்ட மதுவரிச் சட்டம்தான்.

தமிழ்நாட்டைப் பார்த்துப் படிக்கச் சொல்கிறவர்கள் நம்மில் பலர். படிப்போம். அங்கே 1987 ஜனவரியிலிருந்து கள் இறக்கத் தடை. 2003இலிருந்து அரசின் டாஸ்மாக் நிறுவனமே சில்லறை மதுக்கடைகளை நடத்துகிறது. பனையில் கள் இறக்கினால் வழக்கு. கடையில் அரசு முத்திரையோடு பிராந்தி. ஏறத்தாழ நாற்பது வருடமாகக் கள்ளைத் தடுத்த அந்த மாநிலத்தில்தான் கள்ளக்குறிச்சி நடந்தது. பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது, அதில் மீனும் மரவள்ளியும் விற்கிறார்கள், குடும்பமாக வந்து சாப்பிடுகிறவர்களும் உண்டு. கேரளம் குடியில் குறைந்த மாநிலம் என்று நான் சொல்லவில்லை, அது பொய். கள்ளை மூடினால் குடி மூடும் என்ற நம்பிக்கைக்குத் தமிழ்நாடு சாட்சி சொல்லவில்லை என்றே சொல்கிறேன்.

இனி, கூட்டத்தில் யாரும் வாய்விட்டுப் பேசாத விடயத்துக்கு வருகிறேன். கள்ளின் மேல் இருக்கிற அருவருப்பு மதுசாரத்தின் மேல் உள்ள அருவருப்பாக இருந்திருந்தால், கலியாண வீட்டின் பின்வளவில் கண்ணாடிப் போத்தல்கள் திறக்கப்படும்போதும் அது எழுந்திருக்க வேண்டும். எழுவதில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிற உறவினர் கொண்டுவருகிற விஸ்கி அலுமாரியில் காட்சிக்கு நிற்கிறது. பிளாவில் குடிக்கிற பனங்கள்தான் கேவலம். காரணம் அதை இறக்குகிறவரின் சாதி. பாளைக்கத்தியும் தளைநாரும் முட்டியுமாக விடியற்காலையும் பொழுதுபடவும் மரமேறி, பாளையைத் தட்டி, நாள் தவறாமல் சீவி, விழுந்து முதுகு முறிந்தால் கேட்க ஆளில்லாமல் கிடக்கிற ஒரு தொழிலாளி வர்க்கத்தை நாம் தலைமுறை தலைமுறையாகத் தள்ளிவைத்தோம். கிணற்றில் அள்ளவிடவில்லை, கோயிலுக்குள் விடவில்லை. தள்ளிவைத்தவர்களின் பிள்ளைகள் இன்று 'சமூகச் சீரழிவு' என்ற பெயரில் அதே தொழிலைக் கசிப்போடு சேர்த்து ஒழிக்கச் சொல்கிறார்கள். சொல்கிறவர்களில் சிலருக்கு இது தெரியாமல் இருக்கலாம். தெரிந்துகொள்ள வேண்டும்.

எழுபதுகளில் சீவல் தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்தபோது வடக்கில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. தவறணை முதலாளியின் பிடி தளர்ந்தது. தொழிலாளி தன் கள்ளைத் தன் சங்கத்துக்கு அளந்து கொடுத்தான். சேமலாபம் என்ற ஒன்று முதல்முறையாக அவன் பெயரில் எழுதப்பட்டது. 1978இல் பனை அபிவிருத்திச் சபையும் வந்தது. பனங்கள்ளைப் போத்தலில் அடைத்தார்கள், திக்கத்தில் வடிசாலை நடந்தது. போர் பனைகளையும் தின்றது, சங்கங்களையும் தின்றது. திரும்பி எழுப்பியிருக்க வேண்டிய அந்த அமைப்பை நாம் முழுதாக எழுப்பவில்லை. அந்த வெற்றிடத்தில் ஒருபக்கம் மதுபானசாலையும் மறுபக்கம் காட்டுக் கொட்டிலும் வந்து உட்கார்ந்தன.

பெண்கள் சொல்கிற எதிர்ப்பை நான் பின்னுக்கு வைத்திருந்தது, அதுதான் கனமானது என்பதால். "கள்ளோ கசிப்போ, காசு என் வீட்டிலிருந்துதான் போகிறது, அடி எனக்குத்தான் விழுகிறது" என்கிறார்கள். இதற்கு உலக உதாரணமும் இலக்கிய மேற்கோளும் பதிலாகாது. நான் சொல்லக்கூடிய பதில் இதுதான்: போகிற காசும் விழுகிற அடியும் உள்ளே போகிற மதுசாரத்தின் அளவோடு ஏறி இறங்குகின்றன. இன்றைய ஏற்பாடு உங்கள் புருஷனுக்கு முன்னால் வைத்திருப்பது பெரும்பாலும் இரண்டு வழி: வரி ஏறிய சாராயம், அல்லது கசிப்பு. இரண்டும் 30, 40 வீதச் சரக்கு. கள் போன்ற ஐந்து வீதச் சரக்குக்குப் போகிற வழியை அடைத்தது நாமே. இன்னொன்றும் நடக்கிறது. சுற்றிவளைப்பில் அகப்படுகிறவர்களில் பெண்கள் இருக்கிறார்கள். புருஷனைப் போரில் இழந்து, நுண்கடன்காரன் கிழமைக்குக் கிழமை வாசலில் நிற்க, வேறு வழியில்லாமல் நாலு போத்தலை வாங்கி வைத்து விற்கிறவள் பிடிபடுகிறாள். தண்டம் கட்ட இன்னொரு கடன் எடுக்கிறாள். கடனை அடைக்கத் திரும்பவும் விற்கிறாள். கானில் கொண்டுவந்து இறக்கியவனின் பெயர் வழக்கில் வருவதில்லை. இந்த வகையான ஒழிப்பு பெண்களுக்காக நடக்கிறது என்று சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

வேறு நாடுகள் இந்த முடிச்சை அவிழ்த்த விதம் மிக எளிமையானது. பிரித்தானியாவில் வீட்டில் பியர் செய்ய அனுமதிப்பத்திரம் வேண்டும் என்ற விதியை 1963இல் எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1978இல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வீட்டுப் பியரை வரியில்லாமல் அனுமதித்தது: வயதுவந்தவர் ஒருவர் உள்ள வீட்டுக்கு வருடத்துக்கு 100 கலன், இருவரோ கூடவோ இருந்தால் 200 கலன். விற்கக் கூடாது. வடிப்பது அன்றும் குற்றம், அனுமதியின்றி வடித்தால் இன்றும் குற்றம். கோடு எங்கே போடப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள். புளிப்புக்கும் நெருப்புக்கும் நடுவில். நம் சட்டம் அந்தக் கோட்டை அப்படித் தெளிவாகப் போடவில்லை. வரி கட்டியதற்கும் கட்டாததற்கும் நடுவில்தான் போட்டிருக்கிறது.

நம்மிடம் புளிக்கவைக்கப் பொருளுக்கா பஞ்சம்? கடைச் சீனியும் அன்னாசியும் அவசரத்துக்கு. முளைகட்டிய குரக்கன் இருக்கிறது, நெல் இருக்கிறது. பருவத்தில் கயூப் பழம் கொட்டையைத் திருகி எடுத்தபின் மரத்தடியில் அழுகிக் கிடக்கிறது. கோவாவில் அதே பழத்தின் சாற்றில் செய்த பெனி 2009இல் புவிசார் குறியீடு பெற்றது. பெனி வடித்த சரக்கு, ஆகவே என் உதாரணம் அதன் முதற்பாதி மட்டுமே: அழுகப் போகிற பழத்துக்கு ஒரு விலை உண்டு என்பது. காட்டில் பாலைப்பழம் பழுக்கிற மாதத்தில் நெடுங்கேணிப் பக்கம் போனவர்களுக்கு, தரையெல்லாம் மஞ்சளாகக் கொட்டிக் கிடந்து தானாகவே புளித்து மணக்கிற மணம் தெரியும். கரடி அதைத் தின்ன வருகிறது. அதைக் கைது செய்யும் சட்டம் எதுவும் இல்லை, மனிதன் அள்ளிப் பானையில் போட்டால் வழக்கு இருக்கிறது.

"வீட்டுப் பானையை அனுமதித்தால் எல்லாக் கோடாக்காரனும் 'இது என் வீட்டுப் பியர்' என்று தப்பிவிடுவான்" என்பது பொலிஸ் பக்கத்திலிருந்து வருகிற வாதம். தப்ப மாட்டான். இருபது லீற்றர் பானையை யாரும் இருநூறு லீற்றர் பீப்பா என்று மயங்கப் போவதில்லை. வடிக்கிறவனிடம் அடுப்பு இருக்கும், மூடிய கிடாரம் இருக்கும், குழாய் இருக்கும், குளிர்விக்க நீர் இருக்கும். குற்றத்தின் சாட்சி அந்தக் கருவியில் இருக்கிறது. இன்று கோடாவைக் கண்ட இடத்தில் ஊற்றிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு வருவதால், கருவி வேறிடத்தில் பத்திரமாக இருக்கிறது. நாலு நாளில் புதிய கோடா ஊறுகிறது. பானையைத் துரத்துவதை நிறுத்தினால், கருவியைத் துரத்த ஆளும் நேரமும் கிடைக்கும்.

ஆகவே ஊர்க்கூட்டங்கள் எழுதுகிற மனுவில் இனி இவை இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். வடித்தலை வேறாகவும் புளிக்கவைத்தலை வேறாகவும் நடத்தும்படி மதுவரிச் சட்டத்தைத் திருத்தக் கோருங்கள். வீட்டுத் தேவைக்கு, விற்பனை இல்லாமல், மாதத்துக்கு இத்தனை லீற்றர் என்று ஒரு வரம்பு எழுதப்படட்டும். சீவல் தொழிலாளர் சங்கத்துக்கு, அன்றன்று இறக்கிய கள்ளை அன்றன்றே விற்க நெடுங்கேணியில் ஓர் இடமும், மிஞ்சியதை வினாகிரியாக்க வசதியும் கொடுக்க வவுனியா வடக்குப் பிரதேச சபை முன்வரட்டும். சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறங்குகிற, புளிக்காத கருப்பநீருக்கும் அங்கேயே விற்பனை இருக்கட்டும், பிள்ளைகளும் வந்து வாங்கட்டும். மரத்திலிருந்து விழுந்தவருக்கு இழப்பீடு அந்தச் சங்கத்தின் கணக்கிலிருந்து தாமதமின்றிப் போகட்டும். கசிப்பு வழக்கில் போத்தலோடு பிடிபட்டவரிடம் நிற்காமல், கானைக் கொண்டுவந்து இறக்கியவர் வரைக்கும் விசாரணை போக வேண்டும் என்று பொலிசிடம் எழுத்தில் கேளுங்கள். பாளை வெளிவருவது தை பிறந்த பிறகு. அதற்கு முன் ஒரு கூட்டமாவது கள் இறக்குகிறவர்களையும் கதிரை போட்டு இருத்தி, அவர்கள் வாயால் கேட்டு நடக்கட்டும்.